இன்றைக்கு எங்களுக்குத் தெரியாது

தேனி பஸ் போய்விட்டதா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால், போய்விட்டது என்றோ போகவில்லை என்றோ பதில் வராது. "நான் வந்த பெறகு போகல சார்" என்பாள். சரி, நீ வருவதற்கு முன்னால்? அது அவளுக்குத் தெரியாது. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் உச்சிவெயிலில் நின்றுகொண்டு இப்படி ஒரு பதிலைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. ஏம்மா, உன்னைக் கூண்டில் ஏற்றியா கேட்கிறேன், ஒரு பஸ்ஸைத்தானே கேட்டேன் என்று கடிந்துகொண்டும் இருக்கிறேன். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். டீக்கடையில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று அதற்குள் பாதி தூரம் போயிருப்பாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குத் தெரியாது. பாருங்கள், அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நாங்கள் இருவரும் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கென்று இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தோம். நான் தோட்டங்களில் கருவிகளை நட்டுப் பராமரிக்கிறவன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அவள் அனுமந்தன்பட்டிப் பெண், மாதாகோயில் பக்கத்துக் குடும்பம். கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்து, அலுத்துப்போய் ஒப்பந்த வேலைக்கு எங்களிடம் வந்தவள். தோட்டங்களிலிருந்து கருவிகள் அனுப்புகிற எண்களை வாங்கிச் சரிபார்த்து வெளியே அனுப்புவது அவள் பொறுப்பு.

வெளியே என்றால் எங்கே என்பதைச் சொல்லிவிட வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் திராட்சைக்கொடி தூங்கிவிடும். கூடவே அதன் நோயும் தூங்கும். நம் பள்ளத்தாக்கில் கொடியைத் தூங்க விடுவதே இல்லை. ஒரு அறுவடை முடிந்ததும் கவாத்து வெட்டி அடுத்ததற்கு எழுப்பிவிடுவோம். வருடம் முழுக்கப் பழம், வருடம் முழுக்க நோய். அடிச்சாம்பல் என்று ஒன்று உண்டு. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகத் தொடங்கிப் பூவையும் பிஞ்சையும் தின்று தீர்த்துவிடும். இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது, அப்போது எவ்வளவு குளிர் என்பது தெரிந்தால், அது வருமா என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இத்தாலியிலும் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதே கணக்கோடு மல்லுக்கட்டுகிற ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். எல்லோரும் தங்கள் எண்களைப் பொதுவான ஓர் இடத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். தேனி மார்க்கெட்டையே பார்த்து வளர்ந்த நான் அதைக் கிடங்கு என்றுதான் சொல்வேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் போட்டதை யாரும் அழிக்க முடியாது. திருத்தினால் பழையதும் பக்கத்திலேயே கிடக்கும்.

கணக்குப் போடுகிற பெரிய கம்ப்யூட்டர்களும் அந்தக் கிடங்கில்தான் இருந்தன. எங்கள் மையத்துக் கம்ப்யூட்டரிடம் அந்தக் கணக்கைக் கொடுத்தால் மழைக்காலம் முடிந்த பிறகு விடை சொல்லும். ஆகவே எண்கள் இங்கிருந்து போகும், கணக்கு அங்கே ஓடும், நோய்க்கு வாய்ப்பு இருக்கிற நாளில் மட்டும் இங்குள்ள விவசாயியின் போனுக்கு ஒரு மெசேஜ் வரும்: இலை ஈரம் அதிகம், மருந்து அடிக்கவும். மெசேஜ் வராவிட்டால் அடிக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் எங்களை அதில் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் பார்ப்போம் என்று வைத்திருந்தார்கள். எண்கள் நம்பும்படி இல்லை என்று தோன்றினால் பள்ளத்தாக்கைக் கழற்றிவிடுவார்கள், மெசேஜும் நின்றுபோகும். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அவளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் அண்ணன் அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். முந்தின வருடம் மழையில் எல்லாம் போய்விட்டது, இந்த வெள்ளாமையை மலைபோல நம்பியிருந்தார். முதல் கருவியை நடுவதற்குத் தன் பந்தலில் இடம் கொடுத்தவரும் அவர்தான். தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எந்த ஆராய்ச்சியும் தெரியாது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்த நேரம் குறைவு. உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், மேஜையும் சேர்ந்து ஆடும், என் டீ சிந்தும். திரையில் எல்லாத் தோட்டங்களுக்கும் பச்சை விளக்கு எரிந்தால் மற்றவர்கள் அப்பாடா என்போம். அவள் அப்போதுதான் எழுந்து நிற்பாள். பச்சை எரிகிறது என்றால் எண் வந்தது என்றுதான் அர்த்தம், சரியான எண் வந்ததா என்பது தெரியாது என்பாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கூடலூரில் ஒரு கருவி வெகுநேரமாக வெப்பத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், களையெடுக்க வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளை எல்லாம் கருவி நட்ட கம்பத்தில்தான் மாட்டியிருந்தார்கள். சுடுசோறு. ஆறும்வரை எங்கள் வெப்பமானியும் ஆறவில்லை.

அவளைப் பெண் பார்க்க ராயப்பன்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாஞ்சையாக, எங்கள் மகனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இப்பத்தான் பார்க்கிறேன், இன்னும் தெரியவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் அண்ணன் என் வீட்டுக்கே வந்து புலம்பினார். ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நானும் அவளிடம் கேட்டேன். பிடிக்கவில்லை என்றா சொன்னேன் சார், தெரியவில்லை என்றுதானே சொன்னேன் என்று அவள் உண்மையிலேயே வியந்துபோய்க் கேட்டாள்.

இந்தக் குணம் வேலையில் எப்படி வரும் என்பதற்குச் சின்னமனூர்க் கதை ஒன்று போதும். இடி விழுந்து அங்கே செல்போன் டவர் படுத்துவிட்டது. இரண்டு மூன்று நாட்கள் அந்தப் பக்கத்திலிருந்து எண்ணே வரவில்லை. இப்படி ஓட்டை விழுந்தால் அக்கம்பக்கத்து எண்களை வைத்து அதுவாகவே நிரப்பிக்கொள்கிற வசதி எங்கள் மென்பொருளில் இருந்தது. அவள் அதை அணைத்து வைத்திருந்தாள். எங்கள் மையத்தின் தலைவரை நாங்கள் பெரிய சார் என்போம், நல்ல மனிதர், மதுரைக்காரர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா இது பல்லுப்போன வாய் மாதிரி இருக்கிறது, நிரப்பினால்தான் என்ன என்றார். அவள் விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கட்டத்துல சைபர் இருந்தா அன்னைக்கு மழை இல்ல சார். காலியா இருந்தா பெஞ்சுச்சா இல்லையான்னு நமக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

நிரப்புவதை யாரும் தப்பு என்று சொல்லப்போவதில்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். செய்யட்டும், நிரப்ப வேண்டியவர்கள் கிடங்கிலிருந்து எடுத்துத் தங்கள் வசதிப்படி நிரப்பிக்கொள்ளட்டும், நாம் போடும்போது காலியாகப் போடுவோம் என்று அவள் நின்றாள். அவர் விட்டுவிட்டார். அவளோடு வாதாடி ஜெயிக்கலாம், ஆனால் ஜெயித்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

கருவிகளை ஊருக்குள் நட்ட புதிதில் பெரிய சார் விவசாயிகள் கூட்டத்தில் பேசினார். இவை எங்கள் மிஷின் இல்லை, உங்கள் மிஷின், உங்கள் சொந்தச் சாமான்போல நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உருக்கமாகச் சொன்னார். கைதட்டினார்கள். தட்டியவர்கள் அதை மறக்கவும் இல்லை. ஆயுத பூஜை அன்று டிராக்டரைக் கழுவினார்கள், மோட்டாரைக் கழுவினார்கள், மருந்தடிக்கிற பம்பு, ஸ்கூட்டர், மண்வெட்டி என எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பந்தலுக்கடியில் நம் மிஷின் ஒன்று நிற்கிறதே, அதை மட்டும் விடுவார்களா? இலை ஈரத்தைக் காட்டுகிற கருவி, இலை மாதிரியே ஒரு சின்னத் தகடு. அதில் கெட்டியாகச் சந்தனத்தைப் பூசி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்கள். மழைமானியின் வாயில் செவ்வந்திப் பூவைச் செருகிவிட்டார்கள்.

சந்தனம் லேசில் காயாது. பனியை வேறு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து எங்கள் திரையில் பள்ளத்தாக்கு முழுக்க இலைகள் பகல் முழுக்க நனைந்துகொண்டிருந்தன. மழைமானிகளோ ஒரு துளிகூட விழவில்லை என்றன. தூரத்துக் கம்ப்யூட்டர்கள் பதறிப்போய், அடி, அடி என்று மெசேஜ் அனுப்பித் தள்ளின. எலை காய்ந்து கிடக்கிறது, உங்கள் மெசேஜ் இப்படிச் சொல்கிறதே என்று விவசாயிகள் எனக்குப் போன் போட்டார்கள். சிலர் போன் போடாமல் அடித்தும்விட்டார்கள்.

அவள் வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள். அனுமந்தன்பட்டியிலும் ராயப்பன்பட்டியிலும் எண்கள் ஒழுங்காக இருந்தன. அங்கன மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று தனக்குள் கேட்டுக்கொண்டே நடந்தாள். அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இல்லை என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் வண்டியை எடுத்தாள், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சுருளிப்பட்டியில் முதல் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே விளங்கிவிட்டது. தோட்டக்காரர் பெருமையோடு அழைத்துப்போய்க் காட்டினார். "நம்ம மிஷின்னு பெரிய சாரு சொன்னாகல்ல, அத மட்டும் விட்டுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வருடம் கம்பத்துக்கு மட்டும் பூசுங்கள், தகட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி, துணியை நனைத்துத் தானே துடைத்தாள். அவள் ஊரிலும் ராயப்பன்பட்டியிலும் எங்கள் கருவிகள் மாதாகோயில் குடும்பங்களின் தோட்டத்தில் நின்றன, அங்கே ஆயுத பூஜை இல்லை. அதற்காக அவள் ஊரிலும் கருவியைச் சும்மா விட்டிருக்கவில்லை. நட்ட அன்றே ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அது உடனே காய்ந்துவிட்டது. ஆனாலும் அந்த ஈரம் எங்கள் எண்களில் ஒரு சின்ன மேடாகப் பதிவாகிக் கிடக்கிறது. அதற்கும் அவள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது சந்தன நாட்களை என்ன செய்வது? பெரிய சார் யோசித்துத்தான் சொன்னார். அந்த எண்களை எடுத்துவிடுவோம், காரணம் என்ற இடத்தில் கருவிக் கோளாறு என்று போடுவோம், கேட்டால் சரிசெய்துவிட்டோம் என்போம். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பரீட்சைக் காலத்தில் யாராவது போய் வாத்தியார் முன்னால் இப்படி ஒரு கதையை அவிழ்ப்பார்களா? அவளுக்குக் காலி விடுவதில் ஆட்சேபம் இல்லை. காரணம்தான் உறுத்தியது.

"கருவிக் கோளாறுன்னு போட்டா பழி கருவி மேல போயிரும் சார். இதே கருவியத்தான் பிரேசில்லயும் வச்சிருக்காக. அவுக நல்லா இருக்குற தங்களோட எண்ணச் சந்தேகப்படுவாக."

பெரிய சார் பொறுமை இழந்தார். "சந்தனம் பூசிட்டாங்கன்னு எழுதினா நம்மளப் பத்தி என்னம்மா நினைப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அதைத் திமிர் என்றுதான் எடுத்திருப்பார். அவள் அந்தக் கேள்விக்கான பதிலை நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள் என்பது முகத்தில் தெரிந்தது. உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அவள் எழுதினாள்: பூஜைக்காக விவசாயிகள் கருவிக்குச் சந்தனம் பூசினார்கள், கழுவும்வரை வந்த எண்கள் செல்லாது, கருவியில் குறை எதுவும் இல்லை. அனுப்பிவிட்டாள். இனி அதை அழிக்க முடியாது.

கிடங்கை நிர்வகிக்கிற குழு திரையில் கூடியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒருவர் மிக மரியாதையாக, இதுபோல வேறு பழக்கங்கள் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. பெரிய சார் வாயைத் திறப்பதற்குள் இவள், தெரியாது, மாட்டுப் பொங்கலுக்கு என்ன செய்வார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை, பார்த்துச் சொல்கிறோம் என்றாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிரேசிலில் இருந்த ஒரு பெண் மட்டும் தனியாக அவளுக்கு நன்றி எழுதினார். அங்கேயும் ஒரு கருவி பல நாளாக விநோதமாக எண் காட்டுகிறதாம், ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். குழுவின் முடிவு வேறாக இருந்தது. ஒவ்வொரு கருவியையும் நேரில் சோதித்துப் படத்தோடு அறிக்கை தரும்வரை பள்ளத்தாக்குக்கான கணக்கை நிறுத்தி வைத்தார்கள்.

சேவை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று எல்லா விவசாயிகளுக்கும் ஒரு மெசேஜ் போனது. கடன் வேண்டுமா, ரீசார்ஜ் பேக் முடிகிறது என்று வருகிற நூறு மெசேஜ்களுக்கு நடுவில் அதை யார் படிப்பது? அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் சோதிக்கப் போகிற இடமெல்லாம் வாயாலும் சொன்னாள். ஓடைப்பட்டியிலிருந்து கூடலூர் வரைக்கும் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாடு வண்டியிலேயே இருந்து ஊசிப்போகும். சந்தனம் பூசிய தோட்டம் ஒவ்வொன்றுக்கும் போனாள், தகட்டைத் துடைத்தாள், படம் எடுத்தாள், இனிமேல் மெசேஜ் வராது, நீங்களே பார்த்து அடியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சந்தனம் பூசாத தோட்டத்துக்குப் போக அவசரம் இல்லை என்று கடைசியில் வைத்திருந்தாள். அவள் அண்ணன் தோட்டம் அதில் ஒன்று. மையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள், அந்த நாட்களில் ஊருக்கே போகவில்லை.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுத் தூறல், மேகமூட்டம், அடிச்சாம்பலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். மற்றவர்கள் அடித்தார்கள். அவள் அண்ணன் காலையில் போனைப் பார்ப்பார், மெசேஜ் இருக்காது, தங்கச்சியின் கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறது என்று நிம்மதியாக வேறு வேலையைப் பார்ப்பார். பிஞ்சு மிளகு அளவில் இருந்தபோது கொத்துக் கொத்தாகக் கருகி உதிர ஆரம்பித்தது. கொடியில் வைத்தே விலை பேச வந்த தேனி வியாபாரி பந்தலுக்கடியில் ஒரு நடை நடந்துவிட்டு, விலை என்ற பேச்சே எடுக்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

செய்தி வந்ததும் நாங்கள் போனோம். பிஞ்சுகள் தரை முழுக்கக் கிடந்தன, மிதிக்காமல் நடக்க முடியவில்லை. அண்ணன் சத்தம் போடவில்லை. போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"மெசேஜு வரலைன்னா அடிக்க வேணாம்னு நீதான சொன்ன? வரல. நான் அடிக்கல."

நிறுத்திவிட்டோம் என்று மெசேஜ் வந்திருக்குமே என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊரு ஊரா வண்டியில போயிச் சொன்னியாம்ல. இங்கன வந்து ஒரு வார்த்த சொன்னியா? இனிமே இந்தப் பந்தலுக்குள்ள கால வைக்காத."

கருவியைப் பிடுங்கி எங்கள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சாய்த்துவைத்தார். உடைக்கவில்லை, பதமாகத்தான் வைத்தார். அது இன்னும் வலித்தது. திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள். "நாம சும்மா இருந்தத அவரு சைபர்னு எடுத்துக்கிட்டாரு சார்." காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, இன்னொரு தடவையும் சொன்னாள்.

எனக்கு அவள்மேல் கோபம். மறைக்கவில்லை, இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை. கருவிக் கோளாறு என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் கணக்கு நின்றிருக்காது, மெசேஜ் வந்திருக்கும், அந்த மனிதருடைய வெள்ளாமை தப்பியிருக்கும். அதை அவளிடமே கேட்டேன். தப்பியிருக்குமா என்று தெரியாது சார் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். "தப்பியிருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து தன் சொந்தப் போனில் எல்லா விவசாயிகளுக்கும் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள்: இன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளவும். தினமும் அதே வரி. நான் டீக்கடைக்குப் போக முடியவில்லை. தெரியாது என்று சொல்லவா ஒரு ஆபீசு, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேறயா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கிடங்கில் இருக்கிறவர்கள் இதைக் கேள்விப்பட்டால் மானம் போகும் என்று பெரிய சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கும் தோட்டம் தோட்டமாகப் போய், ஒரு இடத்தில் மாட்டுக்குப் பூசிய மிச்சச் சாயத்தைக் கம்பத்துக்கும் பூசியிருந்ததைப் பார்த்து, அதையும் எழுதி அனுப்பினாள்.

அறிக்கை போனது. குழு அதை எடுத்துக்கொண்டது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கைச் சேர்த்துவிட்டார்கள், இந்த முறை முழு உறுப்பினராக. சேர்த்ததற்குச் சந்தனக் குறிப்பு காரணமா, அதையும் மீறிச் சேர்த்தார்களா என்பது எனக்கு விளங்கவில்லை, அவளிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தெரிந்ததுதான். கணக்கு மறுபடி ஓடியது. இப்போது அடிக்கவும், அடிக்க வேண்டாம், தெரியாது என்று மூன்றில் ஒன்று தினமும் எல்லோருக்கும் போயே ஆக வேண்டும் என்று அவள் மாற்றி வைத்திருந்தாள். கருவி ஒழுங்காக வேலை செய்தால் முதல் இரண்டில் ஒன்று போய்விடும்.

ஒரு தோட்டத்துக்கு மட்டும் தினமும் மூன்றாவதுதான் போனது. அங்கே கருவி இல்லையே. அனுமந்தன்பட்டி முதல் தோட்டம் என்ற வரிசையில் கட்டங்கள் எல்லாம் காலியாக நீண்டுகொண்டே போயின. பக்கத்துத் தோட்டத்து எண்ணை எடுத்துப் போட்டு உன் அண்ணனுக்கும் சேர்த்து அனுப்பிவிடேன், கூப்பிடு தூரம்தானே என்று நான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் என்ற இடத்தில், விவசாயி கருவியை எடுத்துவிட்டார், தவறு எங்களுடையது என்று எழுதியிருந்தாள். பிரேசில்காரர்கள் தினமும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள், அவள் அண்ணனுக்கு அது தெரியாது. அவருக்குப் போன மெசேஜ் கம்ப்யூட்டர் அனுப்புவதும் இல்லை. அவளே காலையில் கையால் அடித்து அனுப்புவாள். இன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இருவரும் ஒரே கோயிலுக்குப் போவார்களாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்புவார்களாம். பதில் ஒரு நாளும் வந்ததில்லை. போன் அடித்தால் பாய்ந்து எடுப்பாள், யாரோ சிம் கார்டு விற்கிறவனாக இருப்பான்.

ஐப்பசி தூறலில் ஒரு காலை, சுருளிப்பட்டித் தோட்டத்தில் நான் மழைமானியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நிற்காமல் வரிசைக்கு வரிசை நடந்து இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவள் விறுவிறு என்று என்னிடம் வந்து, படிக்கச் சொல்லி நீட்டினாள். ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தேன்.

"இங்கன எலை காஞ்சுதான் இருக்கு" என்று அவள் அண்ணன் அனுப்பியிருந்தார்.

அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை, அதற்குள் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு கேட்கிறாள், நல்லா இருக்கியா என்று விசாரிக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். "அடிப்பக்கம் திருப்பிப் பாத்தியாண்ணே?" என்று இருந்தது. அடப் பாவி மகளே, ஒரு வருடம் கழித்துப் பேசுகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிட்டாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அவள் பந்தலின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். கல்தூணில் சாய்வாள், நிமிர்வாள், திரும்ப நடப்பாள். நான் மழைமானியை மாட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போது வந்தது.

"எனக்குத் தெரியல. நீயே வந்து பாரு."